புது என்ஜினில் ஆயில் லைட் மினுக்கியது: ஜிப்சியோடு ஏழு வாரம்

வண்டி 1998 மாருதி ஜிப்சி கிங். கார்புரேட்டர் வைத்த ஜி13பிஏ என்ஜின், 1,298 சிசி, நாலு சிலிண்டர், எட்டு வால்வு. புகை அதிகமாகி, கம்ப்ரஷன் விழுந்து போனதால் முழு என்ஜின் வேலை பார்த்தாயிற்று. பிளாக்கின் சிலிண்டர்களைக் குடைந்து (ரீபோர்) 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கை கிரைண்டிங் செய்து 0.25 அண்டர்சைஸ் பேரிங், ஹெட் வேலை, பிளாக் மேல்தளம் லேசாக மட்டம் என்று மொத்தம் 68,000 ரூபாய் பில். எடுத்து வந்த மூன்றாம் நாள், மே மாத வெயிலில், தாம்பரம் சிக்னலில் நின்றபோது, ஆயில் பிரஷர் குறைந்தால் எரியும் ஆயில் லைட் மினுக் மினுக்கென்று எரிந்தது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்தது, விட்டால் மறுபடி எரிந்தது. அதன் பிறகு ஏழு வாரமும் 32,000 ரூபாயும் போயின. அதில் 21,250 ரூபாய் செலவே தேவையில்லாதது என்று இப்போது கணக்குப் போட்டுச் சொல்ல முடிகிறது. அன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரிசையில் பார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். அந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை பார்த்த பட்டறையில் சொன்னதும் கிடைத்த பதில், “புது என்ஜின் சார், ஓட ஓட செட் ஆயிடும்.” ரிங் செட் ஆக ஓட வேண்டும், அது சரி. ஆனால் ஆயில் பிரஷர் ஓடி ஓடி ஏறும் சமாச்சாரம் இல்லை. பேரிங் இடைவெளி நாளாக நாளாகக் கூடும், தானாகக் குறையாது. முதல் நாளிலேயே குறைவாக இருக்கிற பிரஷர் ஆயிரம் கிலோமீட்டரில் இன்னும் குறைவாகத்தான் இருக்கும். அடுத்து, “ஸ்விட்ச் போயிருக்கும்” என்று 350 ரூபாய்க்குப் புது ஆயில் பிரஷர் ஸ்விட்ச் மாட்டினார்கள். லைட் அப்படியே மினுக்கியது. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அந்த ஸ்விட்ச் எவ்வளவு பிரஷர் என்று சொல்லாது. பொதுவாக 0.3 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அளவுக்குக் கீழே போனால் எரியும், அவ்வளவுதான். 0.5 கிலோவில் பேரிங் தேய்ந்துகொண்டிருந்தாலும் லைட் அணைந்தே இருக்கும். அதனால் லைட் அணைந்ததை வைத்து நிம்மதி அடையக் கூடாது, லைட் எரிந்ததை வைத்து என்ஜினையும் பிரிக்கக் கூடாது. முதல் வேலை அளப்பது.

மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜ் 1,450 ரூபாய், அடாப்டர் 200 ரூபாய். அடாப்டரை நிதானித்து வாங்குங்கள். ஜப்பானிய வழி என்ஜின்களில் ஸ்விட்ச் உட்காரும் மரை எட்டில் ஒரு இஞ்ச் பிஎஸ்பிடி, இஞ்சுக்கு 28 புரி. கடையில் கிடைக்கிற கேஜ் செட்டில் பாதி எட்டில் ஒரு இஞ்ச் என்பிடி, அது இஞ்சுக்கு 27 புரி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கையால் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். அதற்கு மேல் ஸ்பேனர் போட்டால் மரை சிதையும். ஜி13 பிளாக் அலுமினியம், மன்னிக்காது. கழற்றிய ஸ்விட்ச்சையும் அடாப்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மரைக்குள் மரை உட்கார்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். 27-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசம் நாலைந்து புரி தள்ளிக் கோணலாகத் தெரியும். டேப் போட்டால் மரையின் முதல் புரியை விட்டுச் சுற்றுங்கள். கிழிந்த துணுக்கு உள்ளே போனால் அதுவே ஒரு அடைப்பு.

கேஜ் மாட்டியாயிற்று, இனி எப்போது படிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். தண்ணீர் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் என்ஜின் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆயில் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் சூடாகும். பட்டறை வாசலில் பத்து நிமிஷம் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல், விட்டுப் பார்த்தால் எல்லா என்ஜினும் நல்ல என்ஜின்தான். குறைந்தது 20, 25 நிமிஷம் ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து, உடனே படிக்க வேண்டும். நாலு எண்கள் போதும்: குளிர் ஐடில், சூடான ஐடில், சூட்டில் நிமிஷத்துக்கு 2,000 சுற்று, சூட்டில் 3,000 சுற்று. இந்த வண்டியில் வந்தவை முறையே 3.8 கிலோ, 0.3-க்கும் 0.4-க்கும் இடையே, 1.5, 2.1. இங்கே ஒரு பழைய கணக்கு குறுக்கே வந்தது. ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ இருந்தால் போதும் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். 3,000 சுற்றுக்கு 30 பிஎஸ்ஐ என்றால் சரியாக 2.1 கிலோ. “கணக்கு சரியா வருதே சார்” என்றார் மெக்கானிக். அந்தக் கணக்கு எந்த என்ஜின் என்று தெரியாதபோது பிடித்துக்கொள்ளும் கைத்தடி. இந்த என்ஜின் சூட்டில் 3,000 சுற்றில் 3 கிலோவுக்கு மேலே காட்ட வேண்டும். உங்கள் என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அந்த நாலு எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும். குளிரிலும் சூட்டிலும் எல்லாச் சுற்றிலும் குறைவு என்றால் பம்ப், ரிலீஃப் வால்வு (அதிகப்படி பிரஷரைத் திறந்துவிடுவது), ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை இழுக்கும் வாயில் இருக்கும் வலை) பக்கம் பாருங்கள். முள் நிலையில்லாமல் ஆடினாலோ, சுற்று ஏற ஏற பிரஷர் இறங்கினாலோ, பம்ப் காற்றை இழுக்கிறது அல்லது ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கிறது. குளிரில் 6 கிலோவைத் தாண்டி எகிறினால் ரிலீஃப் வால்வு மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். ஃபில்டர் பிதுங்கும் முன் அணைத்துவிடுங்கள். குளிரில் நன்றாக இருந்து, சூடானதும் முள் ஆடாமல் அமைதியாகக் கீழே இறங்கினால், பம்ப் வேலை செய்கிறது, ஆயில் எங்கோ சுலபமாக வழிந்து ஓடுகிறது என்று அர்த்தம். நம் வண்டி இந்தக் கடைசி வகை. அன்றைக்கு இதை நம்பி நின்றிருந்தால் பம்பை மாற்றியிருக்கவே மாட்டோம்.

நடந்தது வேறு. “இருபது அம்பது ஊத்துங்க” என்றார்கள். 20டபிள்யூ-40 ஆயிலை வடித்துவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றினோம். சூடான ஐடில் 0.7 கிலோ ஆனது, லைட் அணைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். 3,000 சுற்றில் பார்த்தால் 2.4, இன்னும் அளவுக்குக் கீழே. கெட்டியான ஆயில் ஓட்டையை அடைக்கவில்லை, ஓட்டை வழியே மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். தேய்ந்த பழைய என்ஜினை இன்னும் ஒரு வருஷம் ஓட்ட இது ஒரு வழி. புது என்ஜினில் இதைச் செய்தால் கோளாறு மறைந்துவிடும், கேரண்டி நாளும் முடிந்துவிடும். நோய் கண்டுபிடிக்கும் வரை ஆயிலை மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆயில் இருந்தால்தான் எண்களை ஒப்பிட முடியும்.

வடித்தபோது கழற்றிய ஃபில்டரை அறுத்துப் பார்த்தது நல்ல காரியம். ஹேக்ஸா பிளேடு வேண்டாம், இரும்புத்தூள் உள்ளே விழுந்து குழப்பும். தகடு வெட்டும் கத்தரியால் விளிம்பைச் சுற்றி வெட்டி, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்துப் பிழிந்து வெயிலில் பிடியுங்கள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. ஒட்டாத வெள்ளிப் பளபளப்பு அலுமினியமாகவோ பேரிங்கின் மேல்பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங் மேல்பூச்சு தாண்டி உள்ளே போய்விட்டது, வண்டியை அதற்கு மேல் ஒரு அடி ஓட்டக் கூடாது. நம் ஃபில்டரில் புது என்ஜினுக்கு வழக்கமான கொஞ்சம் தூளும், நீல நிற சிலிக்கான் பசைத் துணுக்கு இரண்டும் மட்டும் இருந்தன. அந்தப் பசையைப் பார்த்ததும் ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கும் என்று முடிவுகட்டி, என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பைக் கழற்றினோம்.

சம்ப்பைக் கழற்றும் முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. சூடான ஐடிலில் கேஜைப் பார்த்தபடி வண்டியை மூக்கு தாழ்ந்த சரிவில் நிறுத்துங்கள். ஜிப்சியில் பம்ப் என்ஜினின் முன்பக்கம். ஆயில் முன்னால் சேரும். ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் வழியாகக் காற்று போகிறது என்றால், அந்த இடம் ஆயிலில் மூழ்கியதும் முள் ஏறும், ஆட்டம் நிற்கும். நாங்கள் இதைச் செய்யவில்லை. ஜிப்சியில் முன் ஆக்சில் குறுக்கே நிற்பதால் சம்ப் சாதாரணமாக இறங்காது. கூலியும் கேஸ்கெட்டும் 4,500 ரூபாய், கூடவே இரண்டு வாரம். ஸ்ட்ரெய்னர் வலையில் ஒரு துளி பசை ஒட்டியிருந்தது, அடைப்பு இல்லை. ஓ-ரிங் புதிது, சரியாகவே உட்கார்ந்திருந்தது. பசை விஷயத்தில் ஒரு வார்த்தை: சம்ப் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குக் கோடு போட்டால் போதும். வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தப் புழு அறுந்து நேரே ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும்.

சம்ப் திறந்திருக்கும்போதே மெயின் பேரிங் (கிராங்க்கை பிளாக்கில் தாங்குவது), பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் இடம்) இரண்டின் இடைவெளியையும் பிளாஸ்டிகேஜ் வைத்து அளந்தோம். மெழுகு நூல் மாதிரி இருக்கும், பச்சை நிறம் 0.025 முதல் 0.076 மில்லிமீட்டர் வரைக்கும் அளக்கும். கேப்பைக் கழற்றி, ஆயிலைச் சுத்தமாகத் துடைத்து, ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்க் பாகம்) அகலத்துக்கு ஒரு துண்டை வைத்து, டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு முறுக்கி, உடனே கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட கோடுகளோடு ஒப்பிட வேண்டும். நடுவில் கிராங்க்கைத் திருப்பினால் நூல் தேய்ந்து அளவு பொய்யாகும். கீழிருந்து மெயின் பேரிங் அளக்கும்போது இன்னொரு பொய் உண்டு: கிராங்க் தன் எடையில் கீழே கேப் மேல் உட்கார்ந்திருக்கும், நூல் அதிகமாக நசுங்கி இடைவெளி குறைவாகக் காட்டும். மரக்கட்டை வைத்துச் சின்ன ஜாக்கியால் கிராங்க்கை மேலே தாங்கிப் பிடித்துத்தான் அளக்க வேண்டும். மெயினில் அதிகபட்சம் 0.04 மில்லி, பிக் எண்டில் 0.05. இந்த என்ஜினுக்கு எல்லை மெயினில் 0.06, பிக் எண்டில் 0.08. கிராங்க் கிரைண்டிங் செய்தவர் அருமையாக வேலை செய்திருந்தார். இதைப் பார்க்கும் வரை அவரைத்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும் மூடி, பழையபடி 20டபிள்யூ-40 ஆயில் ஊற்றி ஓட்டினால் அதே 0.4. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கடன் வாங்கிப் பார்த்த வேலை, காரணமும் தெரியவில்லை. அடுத்த நாள் “பம்ப்தான்” என்றார்கள், நானும் தலையாட்டினேன். புது பம்ப் 5,200, எப்படியும் பிரிக்கிறோமே என்று டைமிங் பெல்ட் 1,100, கூலி 5,000. பம்ப் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்திருப்பதால் புல்லி, பெல்ட், சம்ப் எல்லாம் மறுபடி இறங்க வேண்டும். முதல் முறை சம்ப் இறங்கியபோதே பம்பையும் இறக்கி அளந்திருந்தால் இந்தச் செலவு முழுக்க மிச்சம். அளப்பது ஐந்து நிமிஷ வேலை. மூடியைக் கழற்றி, பம்ப் முகத்தின் மேல் நேரான ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஸ்கேலுக்கும் ரோட்டருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விடுங்கள்; 0.15 மில்லிக்கு மேல் போகக் கூடாது. வெளி ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே எல்லை 0.31. ரிலீஃப் வால்வின் பிஸ்டனை வெளியே எடுத்து, ஆயில் தடவி மறுபடி விட்டால் தன் எடையிலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பழைய பம்ப்பைப் பிறகு அளந்து பார்த்தேன்: 0.08, 0.20. வால்வும் சுத்தம். அது இப்போது என் அலமாரியில் இருக்கிறது. புது பம்ப்போடு சூடான ஐடில் 0.5, 3,000-ல் 2.3.

இதற்குப் பிறகுதான் ஆயில் போகிற பாதையைத் தாளில் வரைந்தேன். சம்ப், ஸ்ட்ரெய்னர், பம்ப், ஃபில்டர், பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் மெயின் கேலரி, அங்கிருந்து மெயின் பேரிங், கிராங்க் துளை வழியாக பிக் எண்ட். இன்னொரு கிளை மேலே ஹெட்டுக்கு ஏறி, வால்வுகளை இயக்கும் ராக்கர் ஷாஃப்ட்டுக்கும் கேமுக்கும் போகிறது. நாங்கள் பார்த்தது எல்லாம் கீழ்ப்பாதி. ஹெட்டை யாருமே சந்தேகப்படவில்லை. ஆனால் வண்டி முதல் நாளிலிருந்து மூன்று அடையாளம் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை, ரிங் செட் ஆகவில்லை என்று விட்டுவிட்டோம். ஏர் கிளீனருக்குப் போகும் பிரீதர் குழாயில் ஆயில் ஈரம். மூன்றாவது, ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கையிலும் பானட்டிலும் தெறிக்கும். நண்பரின் ஜிப்சியைப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு வண்டியிலும் மூடியைத் திறந்து பார்த்தோம். அவர் வண்டியில் ராக்கர்கள் மேல் ஆயில் பளபளவென்று நனைந்து, சொட்டுச் சொட்டாக விழுந்தது. இதில் மழைக்காலத்துக் கூரைத் தண்ணீர் மாதிரி தாரையாக வழிந்தது. ஏழு வாரத்தில் காசு செலவில்லாமல் செய்த ஒரே சோதனை அது, விடை சொன்னதும் அதுதான்.

ஹெட்டைக் கழற்றினோம். பிளாக் மேல்தளத்தில், ஹெட்டுக்கு ஆயில் ஏறும் துளையைத் துடைத்து டார்ச் அடித்ததும் உள்ளே மரை தெரிந்தது. வெறும் மரை. அந்த இடத்தில் ஆயில் ஜெட் ஒன்று இருக்க வேண்டும், மேனுவலில் வெஞ்சுரி பிளக் என்று பெயர். விரல் நகம் அளவுக்கு ஒரு திருகு, நடுவே சிறு துளை. ஹெட்டுக்கு அளவோடு ஆயில் விடுவதுதான் அதன் ஒரே வேலை. பிளாக்கை மட்டம் பிடிக்கும் முன், கேலரியைச் சுத்தம் செய்ய மற்ற பிளக்குகளோடு அதையும் கழற்றியிருக்கிறார்கள், திரும்ப மாட்டவில்லை. பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் பெரிய துளை வழியே ஹெட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டால் மாடிக்குத் தண்ணீர் வராதே, அதே கதை. குளிரில் ஆயில் கெட்டியாக இருந்ததால் கசிவு மறைந்திருந்தது, சூடாகி இளகியதும் வெளிப்பட்டது. இந்த என்ஜினின் சர்வீஸ் மேனுவலில் ஹெட் மாட்டும் பகுதியிலேயே, இந்த ஜெட் இருக்கிறதா, அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டு என்று எழுதியிருக்கிறது. 

புதுப்பேட்டையில் ஒரு பழைய ஜி13 பிளாக்கிலிருந்து கழற்றி வாங்கிய ஜெட் 100 ரூபாய். இறுக்கம் 5 நியூட்டன் மீட்டர்தான், ஹெட் போல்ட் முறுக்கும் ரெஞ்சைக் கொண்டு போகாதீர்கள், அலுமினிய மரை பிய்ந்து வரும். துளையில் மெல்லிய செம்புக் கம்பி விட்டுப் பார்த்து, ஏர் அடித்து மாட்டினோம். ஹெட் கேஸ்கெட் செட் 2,800, கூலி 4,500. நாலாவது முறையாக ஆயிலும் ஃபில்டரும், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1,700. ஆகத் தேவையான செலவு கேஜ், ஹெட் வேலை, ஜெட், ஒரு முறை ஆயில்: 10,750 ரூபாய்.

மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது அவசரப்படவில்லை. வெகு நாள் பிரித்துப் போட்ட என்ஜினில் பம்ப் உலர்ந்திருக்கும், உலர்ந்த பம்ப் ஆயிலை இழுக்காது. பம்ப்பை மாட்டும் முன் ரோட்டர் இடுக்கில் வாசலின் அப்பிவிட்டால் முதல் சுற்றிலேயே இழுக்கும். கிரீஸ் வேண்டாம், அது லேசில் கரையாது. ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, காயில் வயரைப் பிரித்துவிட்டு, பத்து பத்து விநாடியாக செல்ஃப் அடித்து, இடையில் ஒரு நிமிஷம் விட்டு, கேஜ் முள் அசையும் வரை காத்திருங்கள். முள் ஏறிய பிறகே பிளக் மாட்ட வேண்டும். அன்று 25 நிமிஷம் பைபாஸில் ஓட்டிவிட்டு வந்து படித்தபோது, அதே 20டபிள்யூ-40 ஆயிலில், சூடான ஐடில் 1.2 கிலோ, 3,000-ல் 3.5. காலைப் புகையும் அன்றோடு நின்றது.

பட்டறைக்கு பிளாக் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுங்கள், மேல்தளத்து ஆயில் துளையை நெருக்கமாக எடுங்கள். கேலரி பிளக், ஜெட், டவல் பின் (ஹெட்டை இடம் பிசகாமல் உட்கார வைக்கும் ஆணி) எல்லாவற்றையும் நீங்களே கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு, எத்தனை என்று மூடியில் எழுதி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். பிளாக் திரும்பி வந்ததும் அந்த டப்பா காலியான பிறகுதான் ஹெட் கேஸ்கெட்டை உறையிலிருந்து எடுக்க வேண்டும். எங்கள் கேஜை இன்னும் கழற்றவில்லை. டேஷ்போர்டின் கீழே நிரந்தரமாகவே மாட்டிவிட்டோம்.